கல்லுக்கும் ஓலைக்கும் விலாசம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் முன்சிறைக்குப் பக்கம் பார்த்திவபுரம் என்றொரு ஊர். அங்கே பெருமாள் கோயில் எடுப்பித்தவன் ஆய் மன்னன் கருநந்தடக்கன். கோயிலோடு ஒரு சாலையும் வைத்தான். இந்தச் சாலை நடக்கிற தெரு அல்ல. வேதம் படிப்பவர்கள் உண்டு உறைந்து கற்கும் இடம். அவன் விட்ட செப்பேடு கணக்கில் கெட்டி. மொத்தம் 95 பேர். பவிழியர் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14 என்று வேதக் கிளைவாரியாகப் பங்கு பிரித்துச் சொல்கிறது. அந்தச் சாலை எந்த முறையில் அமைந்தது? காந்தளூர் மரியாதைப்படி என்கிறது. சந்தேகம் வந்தால் காந்தளூருக்குப் போய்ப் பார்த்துக்கொள் என்று பொருள்.

அன்றைக்கு அது போதும். இன்றைக்குக் காந்தளூர் எது என்பதிலேயே வழக்கு. திருவனந்தபுரத்து வலியசாலைதான் என்பார் பலர். வேறிடம் காட்டுவாரும் உண்டு. மேற்கோள் அப்படியே இருக்கிறது, மேற்கோள் காட்டிய இடம் கைநழுவிப் போயிற்று.

ஆய்வு நூல்களின் அடிக்குறிப்பும் கடைசியில் வரும் துணைநூற்பட்டியலும் இந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளத்தான். நம்மில் பலருக்கு அவை புலமையைக் காட்டும் அலங்காரம், அல்லது ஆய்வேட்டின் பக்கத்தைக் கூட்டும் சடங்கு. உண்மையில் அவை விலாசம். நான் சொன்னதை நம்பாதே, இந்த இடத்துக்குப் போய் நீயே பார், தப்பென்றால் வந்து சண்டை போடு என்று எழுதியவர் வாசகருக்குக் கொடுக்கும் விலாசம்.

ஒரு விலாசத்தைப் பிரித்துப் பார்ப்போம். அதே மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக்காரரான கே.கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் எழுதினார். பட்டியலில் அது இப்படி நிற்கும்: பிள்ளை, கே.கே., தி சுசீந்திரம் டெம்பிள், கலாக்ஷேத்ரா பப்ளிகேஷன்ஸ், மெட்ராஸ், 1953. ஆள், நூல், பதிப்பகம், ஊர், ஆண்டு. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில். ஆண்டைப் பார்த்தால் அவருக்குப் பின் கண்டெடுத்த கல்வெட்டுகள் இதில் இருக்காது என்று தெரியும். பதிப்பகமும் ஊரும் எந்தப் பதிப்பு என்று காட்டும். மறுபதிப்பில் பக்க எண் மாறிவிடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. பட்டியலில் பக்க எண் வராது. அது அடிக்குறிப்பின் வேலை. பட்டியல் வீட்டைக் காட்டும், அடிக்குறிப்பு அறையைக் காட்டும். பக்க எண் இல்லாத அடிக்குறிப்பைப் பார்த்தால், எழுதியவர் அந்த நூலைத் திறந்தாரா என்றே எனக்குச் சந்தேகம் வரும்.

அந்த உதாரணத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மேல்நாட்டு முறைப்படி குடும்பப் பெயரை முன்னால் போட்டு அகரவரிசையில் அடுக்கினால், கே.கே. பிள்ளை, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, கே.என். சிவராஜ பிள்ளை, எஸ். வையாபுரிப் பிள்ளை எல்லாரும் 'பி'யில் வந்து குவிவார்கள். நாஞ்சில் நாட்டு வரலாறு எழுதுகிறவரின் பட்டியலில் பாதி ஒரே எழுத்தில் நிற்கும். இந்தச் சிக்கலை நூலகவியலில் உட்கார்ந்து யோசித்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1934-இல் வந்த அவருடைய நூற்பட்டியல் விதிநூலில் தென்னிந்தியப் பெயர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு: கடைசிச் சொல் சாதியை மட்டும் குறித்தால், அதற்கு முந்திய சொல்லையும் சேர்த்துத் தலைச்சொல்லாக்க வேண்டும். அப்படியானால் கவிமணி 'தேசிகவிநாயகம் பிள்ளை, சி.' என்று 'தே'யில் போய் நிற்பார், அதுதான் அவரைத் தேடுபவர் கை போகும் இடம். எந்த விதியை எடுத்தாலும் நூல் முழுக்க அதே விதியாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

மேற்கோள் காட்டுவது நமக்குப் புதிதல்ல. உரையாசிரியர்கள் வரிக்கு வரி பழம்பாட்டை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் பல இடத்தில் எந்த நூல் என்று சொல்ல மாட்டார்கள். 'என்றார் பிறரும்' என்று போய்விடுவார்கள். கேட்பவனுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம் என்ற நம்பிக்கை. மனப்பாடம் அற்றுப்போன காலத்தில் உ.வே. சாமிநாதையர் வந்தார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது அதன் உரையில் நச்சினார்க்கினியர் எடுத்துக் காட்டிய வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று சுவடி சுவடியாகத் தேட வேண்டியிருந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. தகடூர் யாத்திரை முழுநூலாக இன்று இல்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் எடுத்தாண்ட பாட்டுகளாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்படி மேற்கோளில் மட்டும் உயிர்வாழும் நூல்களைத் திரட்டித்தான் மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' எழுதினார்.

மேல்நாட்டிலும் முறை ஒரே நாளில் வந்துவிடவில்லை. இன்று அறிவியல் கட்டுரைகளில் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடுகிறார்களே, அது 1881-இல் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்ட் மார்க் என்ற விலங்கியலாளர் ஓடில்லா நத்தை ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரையில் தொடங்கியது என்பார்கள். அறிவியலுக்கு அது பொருந்தும். அங்கே பழைய கட்டுரை சீக்கிரம் பழசாகும், ஆண்டைக் கண்ணுக்கு முன் வைக்க வேண்டும். வரலாறு எழுதுபவருக்கு அடிக்குறிப்புதான் வசதி. ஒரு கல்வெட்டின் முகவரியை அடைப்புக்குறிக்குள் திணித்தால் வாக்கியம் மூச்சுத்திணறிப் போகும்.

கல்வெட்டு என்றதும் நாஞ்சில் நாட்டுக்கே உரிய தலைவலி வருகிறது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பூமி. 1910 வாக்கில் டி.ஏ. கோபிநாத ராவ் தொடங்கிய 'திருவாங்கூர் ஆர்க்கியாலஜிக்கல் சீரீஸ்' இங்குள்ள கல்லையும் செப்பேட்டையும் அச்சில் கொண்டுவந்தது. ஆய்வாளர்கள் அதை டி.ஏ.எஸ். என்று சுருக்கிப் போடுவார்கள். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பின் மாநிலத் தொல்லியல் துறை மறுபடி படியெடுத்துத் தொகுதிகள் வெளியிட்டது. மத்திய அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கை வரிசை வேறு. ஆக ஒரே கல்லுக்கு இரண்டு மூன்று எண்கள். ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் போட்டால், இரண்டும் வெவ்வேறு சாசனம் என்று மூன்றாமவர் எண்ணிக்கொள்வார். பார்த்திவபுரத்துச் செப்பேட்டுக்கு இன்னொரு பெயர் 'ஹுசூர் கச்சேரிச் செப்பேடு'. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் இருந்ததால் ஆங்கில எழுத்தில் அப்படி வழங்கிவிட்டது. அதனால் கவனமுள்ளவர்கள் ஊர்ப்பெயர், தொகுதி, பக்கம், வரி எண் என்று நாலையும் போடுவார்கள். வரி எண்ணைப் போடுவது எதிராளிக்குச் செய்யும் மரியாதை. தகராறே அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

இராசராச சோழன் காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்த' சேதியே இதற்குச் சாட்சி. கப்பலை அழித்தான் என்றார்கள், உண்கலத்தை நிறுத்தினான் என்றார்கள், வேறும் சொன்னார்கள். தேரூர்க் கவிமணி இதற்காகவே 'காந்தளூர்ச் சாலை' என்ற நூலை எழுதினார். கல்வெட்டு ஆய்வில் அவர் எவ்வளவு உழைத்தார் என்பது அவருடைய குழந்தைப் பாட்டுகளைப் பாடிய பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இத்தனை பேரும் வாதாட முடிந்ததே, எல்லாரும் ஒரே கல்வெட்டு வாசகத்தைச் சுட்டியதால்தான்.

அடுத்த தலைவலி தேதி. இங்குள்ள ஓலைகளும் பத்திரங்களும் கொல்லம் ஆண்டில் பேசும். கி.பி. 825-இல் தொடங்கிய கணக்கு அது. ஆண்டு பிறப்பது சிங்கத்தில், அதாவது ஆகஸ்டு நடுவில். சிங்கம் முதல் டிசம்பர் முடியும் வரை 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் முடிய 825-ஐ. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்த திருப்படிதானம் கொல்லம் 925 மகரம் 5. மகரம் ஜனவரியில் வருகிறது, எனவே 1750. மாதத்தைப் பார்க்காமல் 824-ஐக் கூட்டியவர் 1749 என்று எழுதுவார். அவரை நம்பி எழுதியவர்களும் அப்படியே எழுதுவார்கள். அதனால் நல்ல அடிக்குறிப்பில் மூலத் தேதி முதலில், மாற்றிய தேதி பின்னால். பார்த்திவபுரத்துச் செப்பேடு இன்னும் சாமர்த்தியம். கலி பிறந்து 14,49,087 நாள் என்று நாளையே எண்ணிச் சொல்கிறது. அதை 365¼-ஆல் வகுத்தால் 3,967 ஆண்டும் நாலரை மாதம் போலவும் வரும். கி.மு. 3102 பிப்ரவரியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் கி.பி. 866 ஜூலையில் நிற்கலாம். காலக்குறிப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மூலங்கள் கடல் கடந்தும் கிடக்கின்றன. 1818-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட் முதலான லண்டன் மிஷன் பாதிரிமார் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள் லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. அவற்றை எடுத்தாளும்போது பெட்டி எண், அதற்குள் கோப்பு எண், அதற்குள் உறையின் எழுத்து, பிறகு எழுதியவர், பெற்றவர், ஊர், தேதி. 'மிஷன் ஆவணங்கள், லண்டன்' என்று மட்டும் எழுதுவது, 'நாகர்கோவில்' என்று மட்டும் எழுதித் தபால்பெட்டியில் போடுவதுதான்.

எல்லாருக்கும் லண்டன் போக வசதி இல்லை. அப்போது இன்னொருவர் நூலிலிருந்து எடுப்போம். எடுக்கலாம், குற்றமில்லை, ஆனால் இன்னாரது நூலில் இந்தப் பக்கத்தில் காட்டியபடி என்று எழுத வேண்டும். கடிதத்தையே பார்த்ததுபோல் பெட்டி எண்ணைப் பெயர்த்துப் போடுவது ஆய்வேடுகளில் நடக்கிற சில்லறைத் திருட்டு. முதலாமவர் எண்ணைத் தப்பாக எழுதியிருந்தால் அந்தத் தப்பே வழிவழியாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்போது கணினியிடம் கட்டுரை கேட்டால், இல்லாத நூலுக்கும் அழகான ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் போட்டுத் தருகிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழியும் பழைய வழியே: போய்த் திறந்து பார்ப்பது.

எழுத்தில் இல்லாத சான்றுக்கு என்ன செய்வது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எந்த இலக்கியத்தில், எந்தப் பாட்டில் வருகிறது என்று குறிக்கும் அந்த அகராதி, எந்த நூலிலும் ஏறாத வட்டாரச் சொல்லுக்கு ஊரையே சான்றாகப் போட்டுவிடுகிறது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு குறி, தஞ்சைக்கு ஒரு குறி, 'நாஞ்.' என்றால் நாஞ்சில் நாட்டு வழக்கு. இங்கே வந்து நாலு பேரிடம் பேசினால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வில்லுப்பாட்டு சேகரிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே கதை தோவாளைப் பக்கம் ஒரு மாதிரியும் விளவங்கோட்டுப் பக்கம் வேறு மாதிரியும் பாடப்படும். அதனால் நாட்டார் வழக்காற்று ஆய்வில் தகவலாளர் பட்டியல் உண்டு: பாடியவர் பெயர், வயது, ஊர், பதிவு செய்த நாள், கோயில் கொடை விழாவில் பாடியதா, வீட்டில் கேட்டு வாங்கியதா. கொடையில் பாடுவதும் வீட்டில் சொல்வதும் ஒன்றாக இராது என்பதால் கடைசி விவரத்தை விடக்கூடாது. பாடியவர் காலமாகிவிட்டால் ஒலிநாடாதான் சான்று. அதற்கும் ஓர் எண் போட்டு, எந்த நூலகத்தில் அல்லது ஆவணக்காப்பகத்தில் கொடுத்திருக்கிறது என்று எழுத வேண்டும். சில ஆய்வேடுகளில் 'ஒலிநாடா ஆய்வாளர் வசம்' என்றிருக்கும். தேடிப்போனால் ஆய்வாளர் ஓய்வுபெற்று வீடு மாறியிருப்பார், நாடா பரணில் பூஞ்சை பிடித்திருக்கும், அதை ஓட்டிக் கேட்கும் கருவியும் கடையில் கிடைக்காது.