விசிறிக்கு ஒரு கதவு

கனடாக் குளிரில் காரின் ஹீட்டர் விசிறி நின்றுபோனால் கை விறைப்பதோடு முடியாது. முன்கண்ணாடியில் படியும் மூட்டம் விலகாது. வண்டியை நகர்த்தவே முடியாது. என் பட்டறைக்கு வரும் பழைய கார்களில் இது வாடிக்கையான புகார்.

எஞ்சினில் சூடான கூலன்ட், டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர் வழியே ஓடும். அதன் ஊடே விசிறி காற்றைத் தள்ள, உள்ளே கதகதப்பு வரும். பல கார்களில் கிளவ் பாக்ஸுக்கு அடியில் சில திருகுகளைக் கழற்றினால் மோட்டார் கைக்கு வந்துவிடும். சில பழைய மாடல்களில் அது பிளாஸ்டிக் கூட்டின் நட்டநடுவில் இருக்கும். தண்டின் இரு முனையிலும் விசிறிச் சக்கரம். புஷ் தேய்ந்து கீச்சிட்டால் டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும்.

அதனால் கூட்டின் பக்கச் சுவரில் ஒரு கதவு வெட்டிவிடுவேன். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுவேன். ரம்பத் தகட்டில் டேப் சுற்றி, அதற்குமேல் ஆழம் போகாமல் பார்த்துக்கொள்வேன். பின்னால் ரேடியேட்டரும் வயர்களும் இருக்கின்றன. பிளாஸ்டிக் துகளை வேக்குவம் வைத்து உறிஞ்சிவிட வேண்டும். சக்கரத்தில் ஒன்று சிக்கினாலும் கடகடக்கும். வெட்டிய துண்டே மூடி. ஓரமெங்கும் ஃபோம் பட்டை ஒட்டி, தகடு வைத்துத் திருகுவேன். சந்தில் காற்று கசிந்தால் கண்ணாடிக்குப் போகும் வேகம் குறையும்.

ஏர்பேக் வயர் அருகில் ஓடும் கார்களில் ரம்பத்தையே எடுக்க மாட்டேன். அங்கே டாஷ்போர்டை இறக்குவதுதான் முறை, கூலி கூடினாலும்.