பாலைவனத்துப் பொன்மாளிகை

இராஜஸ்தான் மாநிலத்தின் மேற்கே, தார்ப் பாலைவனத்தில் அமைந்துள்ள நகரம் ஜெய்சல்மேர். அங்குக் கிடைக்கும் மஞ்சள் நிற மணற்கல், மாலை வெயிலில் பொன்னென ஒளிரும். அக்கல்லால் எழுந்த இல்லங்களுள் புகழ்மிக்கது ‘பட்வோன் கீ ஹவேலி’. ‘ஹவேலி’ என்பது செல்வர் வாழ்ந்த மாளிகையைக் குறிக்கும் வடநாட்டு வழக்கு.

குமான் சந்த் பட்வா என்னும் வணிகர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் மைந்தர் ஐவருக்காக இதனைக் கட்டத் தொடங்கினார். அடுத்தடுத்து நிற்கும் ஐந்து இல்லங்களும் நிறைவுற ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின.

இம்மாளிகையில் அழகும் பயனும் பிரியாமல் இணைந்துள்ளன. தடித்த கற்சுவர்கள் பகல் வெப்பம் விரைவில் உள்ளே புகாமல் தடுக்கின்றன. சுவரினின்று நீண்டு நிற்கும் ‘ஜரோக்கா’ எனப்படும் மாடங்கள் கீழுள்ள சுவருக்கும் தெருவுக்கும் நிழல் தருகின்றன. நுண்ணிய துளைகள் கொண்ட கல் பலகணிகள் காற்றை வரவிட்டு, கடும் வெயிலைக் குறைக்கின்றன. அவற்றின் பின்னே நின்ற பெண்கள், பிறர் கண்ணிற்படாமல் தெருவைக் காண முடிந்தது. நடுவிலுள்ள முற்றத்தின் வழியே சூடான காற்று மேலெழுந்து வெளியேறுகிறது.

ஒட்டகங்களில் சரக்கேற்றிச் சென்ற வணிகமே இந்நகரின் செல்வத்திற்கு ஊற்றாக இருந்தது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தபோது அவ்வணிகம் தளர்ந்தது. 1947இல் நாடு பிரிவுற்றபோது சிந்துப் பகுதிக்குச் செல்லும் பழைய வழிகளும் அடைபட்டன. வணிகர் பலர் வேற்றூர்களுக்குப் பெயர்ந்ததால் மாளிகைகள் பல வெறிச்சோடின.

மணற்கல்லுக்கு நீரே பெரும்பகை. மழை குறைந்த நாட்டிற்கென எழுந்த இத்தகைய கட்டடங்களில், குழாய்களிலிருந்து கசியும் நீர் ஊறினால் கல் உதிரத் தொடங்கும். விரிசலைச் சிமெண்டால் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லின் மேற்பரப்பு மேலும் பெயர்ந்து விழும். ஆகவே, பழைய இல்லத்தைச் செப்பனிடுவோர் அதன் கல்லின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

இன்று இம்மாளிகைத் தொகுதியின் சில பகுதிகள் அருங்காட்சியகமாக விளங்குகின்றன. சிற்பியின் கைத்திறன், வணிகரின் வாழ்வு, வெப்பத்தை வென்ற அறிவு ஆகிய மூன்றையும் இக்கற்கள் ஒருங்கே காட்டுகின்றன. ஒரு பலகணி உதிருமாயின் இழப்பு கல்லுக்கு மட்டுமன்று. மின்விசிறி இல்லாத காலத்தில் மக்கள் குளிர்ச்சியைத் தேடிக்கொண்ட வழியும் அதனோடு மறையும்.

சிந்திக்க: உங்கள் ஊரிலுள்ள பழைய வீடு ஒன்று அவ்வூரின் தட்பவெப்பத்திற்கு ஏற்ப எவ்வாறு அமைந்துள்ளது?