பழைய மிலிட்டரி வண்டிக்கு டீசல் என்ஜின்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட ஜோங்கா ஜீப்புக்கு ஆசைப்படுகிறவர்கள் குமரி மாவட்டத்திலும் உண்டு. வாங்கிய கையோடு எழும் பேச்சு, "டீசலுக்கு மாற்றிவிடலாமா?" என்பதுதான்.

எதற்காக மாற்ற வேண்டும்?

ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை நிசான் உரிமத்தில் செய்த ஜோங்காவில் ஆறு சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் என்ஜின். அதன் பெட்ரோல் செலவு ராணுவத்துக்குக் கட்டுப்படியாகும். ரப்பர் தோட்டக்காரருக்கு ஆகாது. மாற்றும் பழக்கமும் புதிதல்ல. பெட்ரோல் லாரிகளில் பெர்க்கின்ஸ் பி6 டீசல் என்ஜினை ஏற்றுவது ஒரு காலத்தில் பெரிய தொழில். சென்னை சிம்சன் அதை இங்கேயே தயாரித்தது. குமரி திருவிதாங்கூரில் இருந்தபோது, 1938-ல் தொடங்கிய அரசு பஸ்களிலும் பெர்க்கின்ஸ் டீசல்தான்.

என்ஜின் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்ததா?

அங்கேதான் தொடங்குகிறது. புது என்ஜினையும் பழைய கியர் பாக்ஸையும் இணைக்க லேத்தில் ஒரு பிளேட் கடைவார்கள். அதன் மையம் நூலளவு விலகினாலும் கிளச் உதறும், கியர் பாக்ஸ் பேரிங் போகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் முன் ஆக்ஸில் ஏறி இறங்கும்போது என்ஜினின் ஆயில் சம்ப்பில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பலர் மறப்பது பிரேக்கை. பூஸ்டர் இருந்தால் அதற்கு வேண்டிய வெற்றிடம் பெட்ரோல் என்ஜின் உறிஞ்சும் குழாயிலேயே கிடைக்கும், டீசலில் கிடைக்காது. தனி வேக்குவம் பம்ப் இல்லாமல் பேச்சிப்பாறை இறக்கத்தில் இறங்கினால் பெடல் கல்லாக நிற்கும். சாவியைத் திருப்பித் தீப்பொறியை நிறுத்துகிற கதையும் இனி இல்லை. டீசல் வரத்தை அடைக்க ஸ்டாப் கேபிளோ சோலனாய்டோ வேண்டும்.

ஏற்றத்தில் நன்றாக இழுக்கிறது, சமதளத்தில் ஓடவில்லையே?

டீசல் என்ஜின் குறைந்த சுழற்சியில் பலம் தரும், அதிகம் சுற்றாது. முன், பின் ஆக்ஸில்களின் கிரவுன்-பினியன் பற்கணக்கோ பெட்ரோலுக்கு வகுத்தது. அதை மாற்றாதவரை நாகர்கோவில் சாலையில் உறுமல்தான் மிஞ்சும்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒத்துக்கொள்வார்களா?

பட்டறைக்குப் போகும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வகை என்ஜினை முன் அனுமதியோடு மாற்றலாம். சி.என்.ஜி., எல்.பி.ஜி. போன்றவற்றுக்கு அங்கீகரித்த கிட் உண்டு. பெட்ரோலை டீசலாக்குவது ஏறக்குறைய அடைபட்ட வழி என்றே சொல்வேன். மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தோட்டத்துக்குள்தானே என்பார்கள், நடுவே ஊர்ச்சாலை ஒன்று குறுக்கிட்டாலே சட்டம் வந்துவிடும்.

கழற்றிய பெட்ரோல் என்ஜினை இரும்புக்கடையில் போடலாமா?

வேண்டாம். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டியை 'விண்டேஜ்' எனப் பதிய 2021-ல் விதி வந்தது. கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸும் என்ஜினும் மூல வடிவில் இருக்க வேண்டும். எனவே ஸ்பார்க் பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு மூடி, உப்புக்காற்று படாத இடத்தில் மரக்கட்டை மேல் ஏற்றி வையுங்கள்.