நான்காவது கோடு

"சோறு நெஞ்சுக்குள்ளேயே நிக்குது, எறங்க மாட்டேங்குது" என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே சில மாதங்களைக் கடத்திவிட்டுத்தான், குண்டசாலையில் பஸ் ஏறி, தென்னக்கும்புர பாலம் தாண்டிக் கண்டிக்கு வருவார்கள். கிளினிக்கில் "கமரா விட்டுப் பார்ப்போம்" என்றதும் நினைப்பு நேரே புற்றுநோய்க்குத்தான் ஓடும். அந்தப் பயம் வீண் பயமும் அல்ல. வெற்றிலை பாக்கு மெல்லுவது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. இடுப்பில் வெற்றிலைப் பை செருகிய பாட்டிமாரை மலையகத்தில் தேடி அலைய வேண்டியதில்லை.

எப்போதாவது ஒருவருக்குத் திரையில் வேறொன்று தெரியும். புண் இல்லை, இரத்தக் கசிவு இல்லை. பாய்க்கடியில் புளியங்கொட்டை அகப்பட்டதுபோல, வழவழப்பான ஒரு மேடு மட்டும்.

பள்ளிப் புத்தகம் 'களம்' என்று சொல்லும் இந்த உணவுக்குழாயின் நீளம் சுமார் 25 சென்ரிமீற்றர். உள்ளே மென்சவ்வு, அதற்கடியில் தளர்வான ஒரு படை, அதைச் சுற்றித் தசை. புற்றுநோய் பெரும்பாலும் மென்சவ்வில் தொடங்கும். மேற்சொன்ன மேடு தசையிலிருந்து கிளம்புவது, பெயர் லெயோமயோமா. உணவுக்குழாயில் வரும் தீங்கற்ற கட்டிகளே மிக அரிது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதுதான். குழாயின் மேற்பகுதியில் இதை அதிகம் காண முடியாது. அங்கே இருப்பது கைகால்களில் உள்ளது போன்ற வரித்தசை; இது மழமழப்பான தசையில் பிறக்கும் கட்டி.

கட்டி என்றால் ஒரு துண்டு கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கே அந்த அவசரம் ஆகாது. இடுக்கிக்கு அகப்படுவது மேலே போர்த்தியிருக்கும் நல்ல மென்சவ்வுதான், கட்டி எட்டாது. கிள்ளிய இடம் ஆறித் தழும்பாகிக் கட்டியோடு ஒட்டிக்கொண்டால், பின்னர் உரித்தெடுக்கும்போது சவ்வு கிழியும். ஆகவே நுனியிலேயே ஸ்கேன் பொருத்திய எண்டொஸ்கோப்பியை, அதாவது கமராக் குழாயை, இறக்குகிறார்கள். சுவர் அதில் வெள்ளையும் கறுப்புமாக ஐந்து கோடுகளாகத் தெரியும். நான்காவதாக வரும் கறுப்புக் கோடுதான் தசை. கட்டி எந்தக் கோட்டிலிருந்து புடைக்கிறது என்று பார்த்த பிறகே எடுக்கும் வழி தீர்மானமாகும். இரண்டு சென்ரிமீற்றருக்குள் இருந்து தொந்தரவும் தராவிட்டால், பெரும்பாலும் எடுப்பதே இல்லை, அவ்வப்போது பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாக் கட்டிக்கும் இந்தக் கணக்குச் செல்லாது. ரஷ்யரான அப்ரிகோசொவ் 1926இல் விவரித்த மணியணுக் கட்டி நரம்பு உறை அணுக்களிலிருந்து வருவது. மஞ்சள் வெளுப்பாக, கடைவாய்ப் பல் போலக் கெட்டியாக நிற்கும். அதைக் கிள்ளிப் பார்க்கலாம். இன்னொன்று, குழாயின் மேல்முனையில் காம்பு விட்டுக் கீழே தொங்கும் பொலிப். இருமும்போது வாய் வரை எழும்பி வந்து, நோயாளியே திரும்ப விழுங்கிய சம்பவங்கள் உண்டு. மூச்சுக்குழாயை அடைத்து உயிரைப் பறித்ததும் உண்டு. நெடுங்காலம் தீங்கற்றது என்றே எழுதப்பட்டுவந்த இந்தப் பெரிய பொலிப்புகளில் பெரும்பாலானவை மெல்ல வளரும் ஒருவகைக் கொழுப்புப் புற்று என்று 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

மென்சவ்வோடு நிற்கும் கட்டியை எடுப்பது ஓரளவு எளிது. அடியில் நீல மை கலந்த உப்புநீரை ஊசியால் ஏற்றினால் கட்டி பூரி போல உப்பி மேலே வரும். மின்கத்தியால் சுற்றி அறுத்துவிடலாம். தசையில் வேரூன்றியதை அப்படி அறுத்தால் குழாயில் ஓட்டை விழும். உமிழ்நீரும் உணவும் இதயத்தை ஒட்டிய இடத்துக்குக் கசியும். முன்பெல்லாம் இதற்காக நெஞ்சைத் திறந்தார்கள். பிறகு விலா இடுக்கில் சிறு துளை போட்டார்கள்.

வழி வேறொரு நோயிலிருந்து கிடைத்தது. உணவுக்குழாயின் கீழ்வாசல் திறக்காத அகலேசியாவுக்காக, ஜப்பானியரான ஹருஹிரோ இனோவே 2008இல் மென்சவ்வுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் தோண்டிப் போய்த் தசையை வெட்டினார். ஷங்காயின் ஷொங்ஷான் வைத்தியசாலை மருத்துவர்கள் அதே சுரங்கத்தைக் கட்டிக்குத் திருப்பி, 15 நோயாளிகளின் அனுபவத்தை 2012இல் வெளியிட்டார்கள். கட்டிக்குச் சுமார் ஐந்து சென்ரிமீற்றர் மேலே மென்சவ்வில் ஒரு கீறல். அதன் வழியே நுழைந்து, தசையிலிருந்து கட்டியை முழுசாக உரித்து, வாய் வழியே வெளியே எடுப்பது. கடைசியில் கீறலைக் கிளிப் போட்டு மூடுவது. சூட்சுமம் அந்த ஐந்து சென்ரிமீற்றரில் இருக்கிறது. தசையில் விழும் ஓட்டைக்கு நேரே மென்சவ்வு பழுதில்லாமல் மூடியிருப்பதால் கசிவுக்கு இடம் குறைவு. நாலு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டி இந்தச் சுரங்கத்துக்குள் புரள்வதே கஷ்டம். அதற்கு இன்றும் பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான்.

எடுத்த கட்டி ஆய்வுகூடத்துக்குப் போகும். நான்காவது கோட்டிலிருந்தே ஜிஸ்ட் என்ற வேறொரு கட்டியும் வரலாம். ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், சாயமேற்றிப் பார்த்தால்தான் பிரியும். நோயாளிக்கு முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி. சோற்றுக்கு இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.