புவித்தட்டு எல்லைகளும் கடல்கோள் ஆய்வும்

முன்னுரை

பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலால் கொள்ளப்பட்டமையைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. தென்மதுரையும் கபாடபுரமும் கடல்கோளுக்கு உள்ளானதை இறையனார் களவியலுரை குறிப்பிடுகிறது. இச்செய்திகளை இலெமூரியாக் கண்டத்தோடு இணைத்துரைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டுத் தமிழாய்வில் வலுப்பெற்றது. ஆனால் இலெமூரியா இலக்கியச் சான்றிலிருந்து எழுந்த கருத்தன்று. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் காணப்படுவதை விளக்க, விலங்கியலறிஞர் பிலிப் ஸ்கிலேட்டர் 1864-இல் முன்வைத்த கருதுகோள் அது. கண்டங்கள் இடம்பெயராதவை என்று கருதப்பட்ட அக்காலத்தில், இரு நிலங்களையும் இணைக்க மூழ்கிய நிலமொன்று தேவைப்பட்டது. அத்தேவையைப் புவித்தட்டுக் கோட்பாடு நீக்கிவிட்டது. தட்டு எல்லைகளின் வகைகளை இந்தியப் பெருங்கடலை முன்னிறுத்தி விளக்கி, அவை கடல்கோள் ஆய்வுக்கு வகுக்கும் வரம்பைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்பாட்டின் தோற்றம்

கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்பிரட் வெகெனர் 1912-இல் கூறினார். நகர்த்தும் விசை எது என்பதற்கு அவரால் தக்க விடை தர இயலாமையால் அக்கருத்தைப் பலர் ஏற்கவில்லை. கடலடி மலைத்தொடர்களில் புதிய கடல்தளம் உருவாகி இருபுறமும் விலகிச் செல்கிறது என்னும் கருத்தை ஹாரி ஹெஸ் 1962-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் வைன், மேத்யூஸ் ஆகியோர் கடல்தளப் பாறைகளில் பதிந்துள்ள காந்தப் பட்டைகளைக் கொண்டு அதற்கு வலுச்சேர்த்தனர். அவர்கள் பயன்படுத்திய அளவீடுகளுள் அரபிக்கடலின் தெற்கிலுள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் அளவீடுகளும் அடங்கும்.

மேலோடும் அதனடியிலுள்ள கவசத்தின் திண்மையான மேற்பகுதியும் சேர்ந்ததே புவித்தட்டு. தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் நகர்கின்றன.

மூவகை எல்லைகள்

1. விலகும் எல்லை: இரு தட்டுகள் பிரியும் இடத்தில் கவசப்பொருள் உருகி மேலெழுந்து, பசால்ட் பாறையாலான புதிய கடல்தளமாகிறது. கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடர் இவ்வகையது.

2. இணையும் எல்லை: கடல்தளத் தட்டு மற்றொரு தட்டின்கீழ் அமிழும்போது ஆழ்கடல் அகழியும் எரிமலைத் தொடரும் தோன்றுகின்றன. சுமத்திரா – அந்தமான் பகுதி இதற்குச் சான்று; அந்தமானின் பாரன் தீவு எரிமலை இவ்வமிழ்வின் விளைவேயாகும். இரு கண்டப்பகுதிகள் மோதினால், இரண்டும் அடர்த்தி குறைந்தவையாதலின் எளிதில் அமிழாமல் மடிந்து உயர்கின்றன. இந்தியாவும் ஆசியாவும் மோதியதால் இமயம் எழுந்தது.

3. உராயும் எல்லை: தட்டுகள் ஒன்றையொன்று உராய்ந்து பக்கவாட்டில் நகர்கின்றன, இங்கு மேலோடு உருவாவதும் இல்லை, அழிவதும் இல்லை. இந்தியத் தட்டுக்கும் அரேபியத் தட்டுக்கும் இடையிலுள்ள ஓவன் பிளவு மண்டலம் இத்தகையது.

தென்கரையின் நிலை

தமிழகத்தின் தென்முனை இம்மூவகை எல்லைகளில் எதன்மீதும் அமையவில்லை. இந்தியத் தட்டின் உட்பகுதியில் உள்ளது. இலங்கைக்குத் தெற்கே நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் தட்டு நெளிந்து மடிகிறது எனினும், அங்குள்ளது கடல்தள மேலோடேயன்றி மூழ்கிய கண்டமன்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாயிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. இடையில் சிதறிய கண்டத்துண்டுகள் இல்லாமலில்லை. செய்செல்சு தீவுகளின் கிரானைட் பாறைகள் அதற்குச் சான்று. ஆயினும் அப்பிரிவுகள் மனித இனம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முற்பட்டவை. இந்தியத் தட்டு ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் நகர்வதாகக் கொண்டால், 2500 ஆண்டுகளில் அது கடக்கும் தொலைவு 125 மீட்டரே. எனவே தட்டு நகர்வால் தமிழ் வரலாற்றுக் காலத்தில் ஒரு கண்டம் மறைந்ததெனக் கூற இடமில்லை.

கடல்கோளுக்கு இரு விளக்கங்கள்

கண்டம் மூழ்கவில்லை என்பதனால் கடல்கோள் நிகழவில்லை என்றாகாது. முதலாவது, ஆழிப்பேரலை. 2004 திசம்பர் 26 அன்று சுமத்திரா – அந்தமான் எல்லையில் ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பிளவு ஏற்பட, எல்லையிலிருந்து தொலைவிலுள்ள தமிழகக் கரையும் அழிவுக்குள்ளாயிற்று. ஆனால் பேரலை ஊரை அழித்து மீள்வது. நிலப்பரப்பை நிலையாகக் கொள்வதன்று.

இரண்டாவது, கடல்மட்ட உயர்வு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பெருமளவு நீர் பனிப்பாளங்களில் உறைந்திருந்தமையால் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது தமிழகமும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. பனி உருகக் கரையோர நிலங்கள் மூழ்கின. ஆனால் இவ்வுயர்வின் பெரும்பகுதி ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. அந்நிகழ்வுக்கும் நம் இலக்கியங்களுக்கும் இடையே பல்லாயிரம் ஆண்டு இடைவெளி உள்ளது. அதன் நினைவு வாய்மொழியாக அவ்வளவு காலம் வழங்கிவந்ததா என்பது தனியே நிறுவப்பட வேண்டியதாகும்.

முடிவுரை

புவித்தட்டுக் கோட்பாடு மறுப்பது ஸ்கிலேட்டரின் கருதுகோளையே; இலக்கியங்கள் கூறும் கடல்கோளை அன்று. நூல்கள் சுட்டுவன ஆறு, மலை, நகர் ஆகியன. கண்டம் என்னும் கருத்து பின்னர் ஏற்றப்பட்டது. ஆகவே கடல்கோள் ஆய்வு ஆழ்கடலை விடுத்து, மன்னார் வளைகுடா முதலிய கரையோரத் திட்டுகளின் படிவுகளையும் பழைய ஆற்றுத்தடங்களையும் நாடுதல் வேண்டும். அங்குக் கிடைக்கும் சான்று சிறிதாயினும் உறுதியானதாக அமையும்.