லேப்டாப்பில் டீ கொட்டினால்: முதல் 10 நிமிடங்கள்

கடந்த குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. மியூனிக்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எனக்கு ஆபீஸ். திங்கட்கிழமை ஒரு ரிலீஸ் இருந்ததால் அலுவலக லேப்டாப்பில் மூழ்கிக் கிடந்தேன். ஊரிலிருந்து 3 மாதம் தங்க வந்திருந்த அம்மா, எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சார்ஜரை எட்டினேன். முழங்கை பட்டது. இஞ்சி தட்டிப் போட்ட டீ, முழு டம்ளரும் கீபோர்டின் நடுவில்.

"இங்க எதுக்கும்மா கொண்டுவந்து வெச்சே?" என்று கத்தினேன்.

தட்டிவிட்டது நான். திட்டு வாங்கியது அம்மா. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் லேப்டாப்.

டிஷ்யூவால் துடைத்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "ஸ்பில் ரெசிஸ்டன்ட் மாடல்தானே, தப்பிச்சோம்" என்று நினைத்து, இன்னும் 2 மணி நேரம் அதிலேயே வேலை பார்த்தேன். ஞாயிறு காலை ஸ்பேஸ் பார் ஒட்டிக்கொண்டது. மதியம் ஒரு எழுத்தைத் தட்டினால் மூன்று எழுத்து வந்தது. திங்கள் காலை ஆன் ஆகவே இல்லை. இன்ஜினியரிங் படித்தவன் செய்யக்கூடாத தப்பு. செய்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தாங்கும் என்றால் எவ்வளவு தாங்கும்?

பெரும்பாலான லேப்டாப் கீபோர்டுகளில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சின்ன ரப்பர் குமிழ் இருக்கும். அதற்குக் கீழே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். அவற்றில் மின்சாரம் கடத்தும் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் மேல் தாளின் கோடு கீழ்த் தாளின் கோட்டைத் தொடும். அவ்வளவுதான் விஷயம். இந்தத் தாள்களுக்கு நடுவே டீ புகுந்தால், யாரும் அழுத்தாமலே விசை அழுத்தப்பட்டதாகக் கணினி நினைத்துக்கொள்ளும்.

'ஸ்பில் ரெசிஸ்டன்ட்' என்று விற்கும் மாடல்களில், கீபோர்டுக்கு அடியில் ஒரு தட்டு போன்ற அமைப்போ பாதுகாப்புத் தாளோ இருக்கும். கொட்டியது மதர்போர்டுக்குப் போகாமல் தள்ளிப்போடுவதே அதன் வேலை. லெனோவாவின் திங்க்பேட் வரிசையில் பல மாடல்களைத் திருப்பிப் பார்த்தால், அடியில் வடிகால் துளைகள் தெரியும். மேலே கொட்டிய தண்ணீர் அது வழியாக மேசைக்கே வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று செய்யும் சில குரோம்புக்குகள் 330 மி.லி. தண்ணீர் வரை தாங்கும் என்று அறிவிக்கப்படுகின்றன. இங்கே ஐரோப்பாவில் விற்கும் ஒரு கோலா கேன் அளவு அது.

ஆனால் கவனியுங்கள், அந்தக் கணக்கு தண்ணீருக்கு. சர்க்கரை போட்ட பால் டீக்கு இல்லை. நம் போன்களுக்கு ஐபி68 என்றெல்லாம் தண்ணீர்த் தர மதிப்பீடு இருக்கிறதே, சாதாரண லேப்டாப் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எதுவும் கிடையாது. 'ரெசிஸ்டன்ட்' என்பது உங்களுக்குக் கிடைக்கும் சில நிமிட அவகாசம் மட்டுமே. நான் அந்த அவகாசத்தைத்தான் வேலை பார்த்து வீணடித்தேன்.

கொட்டியது எது என்பதும் முக்கியம். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. குழாய்த் தண்ணீரில் தாதுக்கள் உண்டு. மியூனிக்கில் கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டீ, காபி என்றால் சர்க்கரையும் பாலும் காய்ந்து பசையாகிவிடும். ரசம் இன்னும் மோசம்: உப்பும் புளியும் சேர்ந்தது. உப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், புளி உலோகத்தை அரிக்கும். லேப்டாப்பை ஷட் டவுன் செய்தாலும் பேட்டரி இணைந்தே இருப்பதால் போர்டின் சில பகுதிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் செம்பு அரிக்கும். லேப்டாப் உடனே சாகாமல் இரண்டு நாள் கழித்துச் சாவது இதனால்தான்.

கொட்டிய உடனே என்ன செய்வது?

முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். பிளக் நனைந்திருந்தால் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். அடுத்து, பவர் பட்டனை 10 விநாடியாவது அழுத்திப் பிடித்து அணையுங்கள். ஃபைலை சேவ் பண்ணிட்டு அணைக்கலாம் என்று நினைக்காதீர்கள். யுஎஸ்பியில் செருகியவற்றைப் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

வடிகால் துளை உள்ள மாடலை நேராகவே ஒரு துண்டின் மேல் வைத்து வடிய விடுங்கள். மற்றதை, திரையை விரித்து, கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். சூட்டில் விசைகள் வளையும், ஈரம் இன்னும் உள்ளே போகும். அரிசி மூட்டை வைத்தியமும் வேண்டாம். நனைந்த ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் சொல்லிவிட்டது. அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும். அரிசி காய்ந்த சர்க்கரையை எடுக்கவும் எடுக்காது.

முக்கியமாக, "வேலை செய்யுதான்னு ஒரு தடவை பார்ப்போம்" என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். டீ, காபி, ஜூஸ் என்றால், திறந்து பேட்டரி இணைப்பை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அன்றைக்கே கொடுத்தால் பெரும்பாலும் கீபோர்டோடு போகும். தள்ளிப்போட்டால் மதர்போர்டு வரை போகும்.

யார் பணம் கட்டுவது?

வாரண்டியை நம்ப வேண்டாம். கடைக்காரரின் 2 வருடப் பொறுப்பு, வாங்கும்போதே இருந்த குறைக்குத்தான்; நாம் கொட்டியதற்கு இல்லை. மேக்புக் போன்ற சில லேப்டாப்களின் உள்ளே ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறு ஒட்டுகள் இருக்கும். பொய் சொல்லித் தப்ப முடியாது.

ஜெர்மனியில் நம்மவர்கள் பலர் வைத்திருக்கும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு, நாம் அடுத்தவர் பொருளைக் கெடுத்தால் பணம் தரும். நம் சொந்த லேப்டாப்புக்குத் தராது. பொங்கல் சந்திப்பில் நண்பர் வீட்டு லேப்டாப்பில் நம் 5 வயது வாண்டு ஜூஸ் கொட்டினால்? 7 வயது நிறையாத குழந்தை சட்டப்படி பொறுப்பாளி இல்லை. பாலிசியில் அதைத் தனியாகச் சேர்த்திருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

எனக்கு நடந்தது அலுவலக லேப்டாப். திங்கள் காலை ஹெல்ப் டெஸ்குக்கு எழுத உட்கார்ந்தபோது, முதலில் தட்டச்சு செய்தது, "திடீரென்று ஆன் ஆகவில்லை" என்றுதான். விசா வேலையோடு கட்டப்பட்டிருக்கும்போது ஒரு டம்ளர் டீகூட பெரிய குற்றமாகத் தெரிகிறது. பிறகு அழித்துவிட்டு நடந்ததை எழுதினேன். மதியத்துக்குள் மாற்று லேப்டாப் தந்தார்கள். என்னிடம் ஒரு சென்ட்கூடக் கேட்கவில்லை. இங்கே தொழிலாளர் நீதிமன்றங்கள் வகுத்த வழக்கப்படி, வேலையின்போது லேசான கவனக்குறைவால் வரும் நஷ்டம் ஊழியரைச் சேராது. நடுத்தரக் கவனக்குறைவு என்றால் பகிர்வு. மிக மோசமான அலட்சியம் என்றால்தான் பெரும்பாலும் நம் தலையில் விழும். உங்கள் நாட்டில், உங்கள் கம்பெனியில் என்ன விதி என்று கொட்டுவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் விஷயம் அரை நாளில் முடிந்தது. அம்மா விஷயம் முடியவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் டீயை மேசைக்குக் கொண்டுவரவே இல்லை. சமையலறையில் வைத்துவிட்டு, "டீ வெச்சிருக்கேன்பா" என்று அங்கிருந்தே சொல்வார். ஒரு நாள் மெதுவாக, "அது எவ்வளவு ஆகும்பா? என்கிட்ட கொஞ்சம் இருக்கு, தரட்டுமா?" என்று கேட்டார். மகன் வீட்டுக்கு வந்தவர், மகன் தட்டிவிட்டதற்குக் காசு தரேன் என்கிறார்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். சின்ன வயதில் எனக்கு அதைச் சொல்லித் தந்ததே அவர்தான். "தட்டினது நான்தாம்மா. உன்னைக் கத்தினது தப்பு" என்று சொல்ல எனக்கு 6 நாள் ஆனது. ஹெல்ப் டெஸ்குக்கு உண்மையை எழுத ஒரு காலைப்பொழுதுதான் ஆனது.

இப்போது மேசைக்குப் பக்கத்தில், கீபோர்டை விடத் தாழ்வாக ஒரு சின்ன ஸ்டூல் போட்டிருக்கிறேன். டீ அங்கேதான். அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். வீடியோ காலில் பேசும்போதெல்லாம் கேட்கிறார்: "ஸ்டூலை எடுத்துடலையே?"