ஒரே வெயில், ரெண்டு பாக்கெட்: சூடோமோனாஸ் சாகுது, பேசில்லஸ் பிழைக்குது... எப்படி?

உத்திரமேரூர் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் நெல் விதைப்புக்கு முன்னால் விவசாயிகள் தேடுவது ஒரு டால்க் பவுடர் பாக்கெட்டை. உள்ளே இருப்பது சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற பாக்டீரியா. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் கலக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். குலைநோய், இலையுறைக் கருகல் போன்ற பூஞ்சை நோய்களைக் கட்டுப்படுத்தத்தான் இது. இதே வேலைக்கு பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்கெட்டும் கடையில் கிடைக்கும்.

பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். ஆனால், கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே சில வாரம் கிடந்தால் சூடோமோனாஸ் பெருமளவு செத்துப்போகும். பவுடரைப் பார்த்தால் அது தெரியாது. நாற்றங்காலில் நோய் வந்த பிறகுதான் 'மருந்து வேலை செய்யல' என்ற புலம்பல் வரும். பேசில்லஸ் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பதில் அதன் ஜீன்களில் இருக்கிறது. பேசில்லஸ் சப்டிலிஸிடம் சுமார் 4,200 ஜீன்கள் உண்டு. எல்லாம் எப்போதும் வேலை செய்யாது. எதைப் படிக்கணும் என்று காட்டிக்கொடுக்க சிக்மா என்ற புரதங்கள் இருக்கின்றன. சூழல் மாறினால் சிக்மாவும் மாறும், உடனே வேறு ஜீன் கூட்டம் ஆன் ஆகும்.

சாப்பாடு தீர்ந்ததும் பேசில்லஸ் முதலில் சமாளிக்கப் பார்க்கும். நீந்தித் தேடும். நஞ்சு சுரந்து சொந்த சகோதர செல்களையே கொன்று சாப்பிடும்! 2003-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. அதுவும் போதாதபோது 'ஸ்போ ஜீரோ ஏ' என்ற மாஸ்டர் சுவிட்ச் முழுசாக ஆன் ஆகும். செல் சமமில்லாமல் ரெண்டாகப் பிரியும். சின்ன அறையில் ஒரு சிக்மா, பெரிய அறையில் வேறொரு சிக்மா. பெரியது சின்னதை விழுங்கி, அதைச் சுற்றி அடுக்கடுக்காக உறை கட்டிவிட்டு, கடைசியில் தானே வெடித்துச் சாகும். சுமார் எட்டு மணி நேர வேலை. மிஞ்சுவது வித்து. உள்ளே தண்ணீர் மிகக் குறைவு, டிஎன்ஏ-வைப் பொத்திவைக்கத் தனிப் புரதங்கள். வெயில், வறட்சி எதுவும் லேசில் அசைக்காது.

இதில் ஒரு சுவாரஸ்யம்: ஒரே பட்டினியிலும் எல்லா செல்லும் வித்தாகாது. யார் ஆவது என்பதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. குடவோலைக் கல்வெட்டு உள்ள ஊருக்குக் குலுக்கல் புதுசா என்ன!

சூடோமோனாஸும் சும்மா இருப்பதில்லை. நெருக்கடி வந்தால் 'ஆர்பிஓஎஸ்' என்ற சிக்மா வழியாகப் பாதுகாப்பு ஜீன்களை இயக்கும். ஆனால், வித்தாக மாறும் ஜீன் திட்டம் அதனிடம் கிடையாது. 25 முதல் 30 டிகிரி அதற்குச் சுகம். 40-ஐத் தொட்டால் திண்டாட்டம்தான்.

அதனால் சூடோமோனாஸ் வாங்கும்போது முதலில் காலாவதி தேதியைப் பாருங்க. பாக்கெட்டை பைக் சீட்டிலோ மோட்டார் ரூமிலோ போட்டுவைக்காமல் வீட்டுக்குள் நிழலில் வையுங்க. ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோடு சேர்த்துக் கலக்காதீங்க. பேசில்லஸ் பாக்கெட்டுக்கு இவ்வளவு பதற்றம் வேண்டாம். ஈர மண்ணில் வேர் கசியவிடும் அமினோ அமிலம் பட்டால், வித்து சில நிமிடங்களிலேயே விழிக்கத் தொடங்கிவிடும்.